யாரும் யாரையும் அடிக்காத பள்ளி

அந்தப் பள்ளியில் யாரும் யாரையும் அடித்ததில்லை. வாசல் தூணில் பதித்த வெண்கலப் பலகையில் இதைப் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். கட்டணத்தைக் கேட்டு மலைத்துப்போகும் பெற்றோரை முதல்வர் அந்தப் பலகைக்கு முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார். வன்முறையற்ற பள்ளிக்கான விருது ஆண்டுதோறும் அங்கேயே போய்க்கொண்டிருந்ததால், மற்ற பள்ளிகள் போட்டியிடுவதை விட்டுவிட்டன.

மாணவர்கள் விழுவது உண்டு. அதைப் பள்ளி ஒருபோதும் மறைத்ததில்லை.

புதுசு, சேர்ந்த முதல் வாரமே விழுந்தாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து உதவித்தொகையில் வரும் பிள்ளைகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று இக்கரைப் பிள்ளைகள் சொல்லிவிட்டதால், ஆசிரியர்களும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டார்கள். அக்கரைக்காரர்கள் கறுப்பு, முடி சுருட்டை. பாலம் கட்டி ஒரு தலைமுறை ஆகியும், அவர்கள் கடைக்குள் நுழைந்தால் இக்கரைக் கடைக்காரர் ஒரு கையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டுதான் விலை சொல்வார். புதுசின் அம்மா அந்தப் பாலத்தின் மேல் நாளெல்லாம் போய்வரும் நகரப் பேருந்தின் ஓட்டுநர். மகளுக்கு இடம் கிடைத்த அன்று, ஏறிய பயணிகளிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

ஹாக்கிப் பயிற்சி முடிந்து, உடைமாற்றும் அறையில் புதுசு ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தைல வாசமும் ஈரத்துணி வாசமும் கலந்து வீசும் நீண்ட அறை. கதவு தாழிடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். மாணவர் தலைவியும் அவள் தோழிகள் இருவரும் மட்டைகளோடு நின்றார்கள். தலைவி, பள்ளியின் அறங்காவலர் ஒருவரின் மகள். பேச்சுப் போட்டியில் சகோதரத்துவம் என்ற தலைப்பில் முதல் பரிசு வாங்கியவள்.

"புதுசு, உன் முடியில கை வச்சா மை ஒட்டுமா?"

"ஒட்டாது."

"வச்சுப் பாத்துட்டு நாங்க சொல்றோம்."

முடியைப் பிடித்து முகத்தை லாக்கரின் இரும்பு விளிம்பில் மோதினார்கள். இரண்டு பல் போனது. கீழே சரிந்தவளின் கணுக்காலில் மட்டை முறை வைத்து இறங்கியது. எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது, விரல்களை லாக்கரின் இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நடுவிரல் உடைந்த சத்தம் பென்சில் ஒடிகிற மாதிரி சின்னதாகக் கேட்டது. வேலை சுத்தமாக முடிந்தது. தலைவி தன் துண்டை அவளிடம் நீட்டி வாயைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு, கறைபட்ட துண்டுக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று நினைவூட்டிவிட்டுப் போனாள்.

மருத்துவ அறையில் இருந்த நர்ஸ் கெட்டவர் இல்லை. பஞ்சை மருந்தில் நனைத்தபடி கேட்டார்.

"எங்கம்மா விழுந்தே?"

"விழலைங்க. அடிச்சாங்க."

"இந்த ஸ்கூல்ல மூணு இடத்துலதான் விழலாம். மாடிப்படி, பாத்ரூம், மைதானம். உனக்கு எது வசதி?"

"லாக்கர்ல விரலை வச்சுக் கதவைச் சாத்தினாங்க."

"அப்போ பாத்ரூம். தரை ஈரமா இருந்திருக்கும்." நர்ஸ் விரலுக்குக் கட்டுப் போட்டார். "அடுத்த தடவை மைதானம்னு சொல்லு. பாத்ரூம் இந்த மாசம் நிறைய ஆயிடுச்சு."

அன்று மாலையே அவளை நடை வகுப்பில் சேர்த்தார்கள்.

விழும் பழக்கமுள்ள மாணவர்களுக்குச் சரியாக நடக்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஏற்பட்ட வகுப்பு அது. வேறெந்தப் பள்ளியிலும் அப்படி ஒன்று இல்லை என்பதில் நிர்வாகத்துக்குப் பெருமை. உள்விளையாட்டு அரங்கின் தரையில் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாகப் போட்டிருந்தார்கள். அதன் ஒரு முனையில் அக்கரைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒருவனுக்குக் கையில் மாவுக்கட்டு, ஒருத்திக்குக் கண்ணுக்குக் கீழே நீலம், இன்னொருவன் ஊன்றுகோலில் இருந்தான். அவனும் கோட்டின் மேல்தான் நடக்க வேண்டும். நடை ஆசிரியர் ராணுவத்தில் அணிவகுப்புப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்றவர். உலகத்தின் எல்லாச் சிக்கலும் முதுகு வளைவதிலிருந்து தொடங்குகிறது என்று நம்பினார்.

"நிமிந்து நட. நீங்கல்லாம் ஏன் விழறீங்க தெரியுமா? தரையைப் பாத்தே நடக்கறீங்க."

"தரையைப் பாக்கலேன்னா காலை நீட்டி விடறாங்க சார்," என்றான் ஊன்றுகோல்காரன்.

"யாரு?"

பையன் வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தியா, யாரும் இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. கோளாறு மனசுல."

வரிசையில் கடைசியாக நின்ற, உயரமான, இடது காதுமடல் கிழிந்து தைத்திருந்த பெண் கையைத் தூக்கினாள். "நான் விழல சார். தள்ளினாங்க."

"நீ பொய் சொன்னதுக்கு எக்ஸ்ட்ரா பத்து ரவுண்டு."

அவள் போய் நடந்தாள். இறுதியாண்டு மாணவி. எல்லோரும் அவளை வக்கீல் என்றார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கையைத் தூக்கி அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி, ஒவ்வொரு வகுப்பிலும் அந்தச் சுற்றுகளை நடந்து முடிப்பாள். புதுசுக்கு விடுதியில் அவள் அறையிலேயே இடம் கொடுத்திருந்தார்கள்.

"பல் எத்தனை?" என்று கேட்டாள் வக்கீல், கட்டிலில் காலை நீட்டிப் பாதத்தை அமுக்கிக்கொண்டே.

"ரெண்டுக்கா."

"பரவாயில்லயே. எனக்கு முதல் வாரத்துல ஒண்ணுதான் போச்சு. நீ நல்லாப் படிக்கற பொண்ணுன்னு அப்பவே நினைச்சேன்."

புதுசு சிரிக்கப் பார்த்தாள், உதடு பிளந்தது. "ஏன்க்கா தினம் சொல்றீங்க? யாரும் காதுல வாங்கறதில்லயே."

"நான் வாங்கறேன்ல. ஒரு நாள் சொல்லாம விட்டாக்கூட, நெஜமாவே விழுந்துதான் தொலைச்சேனோன்னு எனக்கே தோணிடும்."

அந்தப் பருவத்தில் விழுபவர்கள் பெருகினார்கள். ஒருவனுக்குத் தாடை விலகியது. ஒருத்தியைக் கழிவறைத் தொட்டிக்குள் தலைகீழாக அழுத்தியதில் மூச்சு நின்று, பிறகு வந்தது. அவளுக்கு நர்ஸால் எந்த யோசனையும் இல்லாமல் குளியலறை என்று சொல்ல முடிந்தது. விருதுக் குழு வரும் காலம் நெருங்கியதால் முதல்வர் பேரவையைக் கூட்டினார். மெல்லிய குரலும் கனத்த கண்ணாடியும் உள்ள பெண்மணி அவர்.

"இந்தப் பள்ளியில் நாங்கள் நிறம் பார்ப்பதில்லை," என்று தொடங்கினார். "உங்களில் யார் கறுப்பு, யார் வெளுப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே, விழுகிற அத்தனை பேரும் ஒரே கரையைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு நிபுணர் எனக்கு எடுத்துச் சொன்னபோது, யாரையும்விட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன். இது பாகுபாடு. ஆனால் இந்தப் பாகுபாட்டைச் செய்வது யார்? இயற்கை. இயற்கையின் அநீதியைத் திருத்தும் பொறுப்பை இந்தப் பள்ளி தன் தோளில் ஏற்கிறது."

கைதட்டல் அடங்கியதும் நிபுணர் எழுந்தார். காது மருத்துவர். சுழலும் நாற்காலி ஒன்றைத் தன்னோடு கொண்டுவந்திருந்தார். அக்கரைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அதில் உட்காரவைத்து, வேகமாகச் சுற்றி, இறக்கிவிட்டு, நடக்கச் சொன்னார். எல்லோரும் தள்ளாடினார்கள். இருவர் வாந்தி எடுத்தார்கள். அடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இக்கரைப் பிள்ளைகள் சிலரை, நாற்காலியில் உட்காரவைக்காமல், நடக்கச் சொன்னார். எல்லோரும் நேராக நடந்தார்கள்.

"உடலின் சமநிலை இருப்பது உள்காதில்," என்றார் மருத்துவர். "அதற்குள் ஒரு திரவம் உண்டு. அக்கரைக் குழந்தைகள் பல தலைமுறைகளாக ஆற்றைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தத் திரவமும் ஆற்றைப் போலவே அலைபாயக் கற்றுக்கொண்டது. இது அவர்கள் குற்றம் இல்லை. அலைபாயும் காது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்."

வக்கீல் எழுந்தாள். "இக்கரையிலேர்ந்தும் அதே ஆறுதான் தெரியுது டாக்டர். அவங்களையும் நாற்காலியில வச்சுச் சுத்திப் பாருங்களேன்."

"அவங்கதான் விழறதில்லையேம்மா," என்றார் மருத்துவர், உண்மையான கனிவோடு. "விழாதவங்களுக்கு எதுக்குச் சோதனை?"

தலைவியின் அப்பா கடைசியாகப் பேசினார். பள்ளியின் பாதிக் கட்டடங்கள் அவர் கட்டியவை. விழும் குழந்தைகளுக்கு மஞ்சள் நிறத் தலைக்கவசம் ஆளுக்கொன்று தன் செலவில் தருவதாக அறிவித்தார். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் நன்கொடையாளர் பெயர் இருக்கும். கூடவே, தானே எழுதிய விதி ஒன்றை வாசித்தார். விழுகிறவர் அமைச்சர் மகளானாலும் சரி, பேருந்து ஓட்டுநர் மகளானாலும் சரி, தலைக்கவசம் அணிய வேண்டும், காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும், நடை வகுப்புக்குப் போக வேண்டும்; விதிவிலக்கு கிடையாது.

"இதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள்," என்றார். யாரும் தேடவில்லை.

தலைக்கவசம் வந்தபின் மட்டைகளுக்குக் கூச்சம் போய்விட்டது. முன்பெல்லாம் மண்டை உடைந்துவிடுமோ என்று ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. இப்போது தூரத்திலிருந்தே மஞ்சள் தெரிந்தது. குறி பார்க்கவும் வசதி. ஊன்றுகோல்காரனின் தோளெலும்பு போனதும், கவசம் தோளை மூடாததுதான் காரணம் என்று கண்டுபிடித்து அவன் தோளுக்கும் ஒன்று தருவித்தார்கள்.

வக்கீல், விருதுக் குழு வந்ததும் எல்லாவற்றையும் அவர்களிடமே சொல்லப்போவதாக அறிவித்தாள். ரகசியமாகச் செய்யலாமே என்று புதுசு கெஞ்சினாள்.

"ரகசியமா இருக்கறதுதானடி இங்க வியாதி," என்றாள் வக்கீல். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள்.

மறுநாள் மதியம் நூலகத்தின் மூன்றாம் மாடியில் புதுசு புத்தகத்தை அடுக்கில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாடியில் நடுவே தரை கிடையாது. இடுப்பளவு மரக் கைப்பிடி சுற்றிவர, எட்டிப் பார்த்தால் கீழ்த்தளத்தின் சலவைக்கல் தெரியும். கைப்பிடி ஓரமாக வக்கீல் நின்று படித்துக்கொண்டிருந்தாள். தலைவியும் தோழிகள் இருவரும் வந்தார்கள்.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறே?" என்று கேட்டாள் தலைவி.

"இங்க இருக்கறதைச் சொல்வேன்."

"இங்க இருக்கறதெல்லாம் எங்கப்பா கட்டினது."

"சரி, அதையும் சேத்துச் சொல்றேன்."

தலைவி கையை நீட்டி, வக்கீலின் தாடைக்குக் கீழே இருந்த பட்டையை அவிழ்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பள்ளிக்குக் கிளம்பும் தங்கைக்குச் செய்வதுபோல அத்தனை பதமாகச் செய்தாள். வக்கீல் குழம்பி நின்ற அந்தக் கணத்தில் தோழிகள் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். தலைவி மார்பில் கை வைத்துத் தள்ளினாள். ஒரு கை கைப்பிடியைப் பற்றியது. தலைவி கவசத்தால் அந்த விரல்களைத் தட்டினாள். கீழே உடல் விழுந்த சத்தம் ஈரமாகக் கேட்டது.

தலைவி எட்டிப் பார்த்தாள். திரும்பியபோது, அடுக்குகளுக்கு நடுவே நின்ற புதுசைக் கண்டாள். உதட்டில் விரல் வைத்து, நூலகம் என்பதால் தாழ்ந்த குரலில், "விழுந்துட்டா," என்றாள்.

வக்கீல் சாகவில்லை. இடுப்பும் விலாவும் தாடையும் உடைந்து, நினைவு திரும்பாமல் நகர மருத்துவமனையில் கிடந்தாள். பள்ளி உடனே விசாரணைக் குழு அமைத்தது. மாணவி விழுந்தது எப்படி என்பது குழுவின் கேள்வி இல்லை. அது காது மருத்துவருக்கு முன்பே தெரியும். விழும்போது ஏன் கவசம் இல்லை என்பதுதான் கேள்வி. தானாகக் கழற்றியிருந்தால் அது விதிமீறல். கண் திறந்ததும் அவளை நீக்க வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கும் பள்ளி பொறுப்பாகாது. பார்த்த சாட்சி ஒருத்திதான். புதுசு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

குழுவில் முதல்வர், அறங்காவலர், மருத்துவர் ஆகியோரோடு மாணவர் பிரதிநிதியாகத் தலைவியும் இருந்தாள். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை.

"அவ ஹெல்மெட்டைக் கழட்டினதை நீ பாத்தியாம்மா?" என்றார் முதல்வர்.

"இவங்க கழட்டினாங்க. கழட்டிட்டுத் தூக்கிக் கீழ போட்டாங்க."

"யோசிச்சுப் பேசு. உன் ஸ்காலர்ஷிப், உங்கம்மா படற கஷ்டம், எல்லாத்தையும் நினைச்சுப் பாத்துப் பேசு. போட்டாங்கன்னா என்ன அர்த்தம்?"

"போட்டாங்கன்னா போட்டாங்கன்னு அர்த்தம்."

தலைவி எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, புதுசின் கன்னத்தைத் தொட்டாள். "பாவம் மேடம், அதிர்ச்சியில இருக்கா. ரெண்டு பேரும் ஒரே ரூம்." பிறகு குனிந்து, "அக்கா விழுந்துட்டாங்கன்னு சொல்லுடா தங்கம். ஒரே ஒரு வார்த்தை," என்றாள்.

புதுசு தலைக்கவசத்தைக் கழற்றினாள். அதன் பட்டையை மணிக்கட்டில் சுற்றி, முழுக் கையையும் வீசி, நன்கொடையாளர் பெயர் இருந்த பக்கத்தால் தலைவியின் முகத்தில் அடித்தாள். மூக்கு ஒரு பக்கமாகப் போனது. இரண்டாவது அடியில் பல் ஒன்று பறந்து மருத்துவரின் குவளைக்குள் விழுந்தது. மூன்றாவது அடிக்குள் மருத்துவர் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார். வெள்ளை விரிப்பு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிவந்துகொண்டே வந்தது.

"அடிச்சுட்டா," என்றார் அறங்காவலர். "என் பொண்ணை அடிச்சுட்டா. போலீஸைக் கூப்பிடுங்க."

முதல்வர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் ஐயா. இந்த ஸ்கூல்ல யாரும் யாரையும் அடிக்கறதில்ல."

"கண்ணு முன்னாடி நடந்திருக்கு, என்ன பேசறீங்க?"

"இங்க அடிக்க முடியும்னு ஆயிட்டா போலீஸ் வரும். வந்தா மூக்கோட நிக்காது. லைப்ரரிக்கும் போகும். மேல யார் யார் நின்னாங்கன்னு கேக்கும்."

அறங்காவலர் பெரிய கட்டடங்களைக் கட்டியவர். எந்தச் சுவரை எடுத்தால் எது சரியும் என்று தெரிந்தவர். பிறகு தரையில் கிடந்த மகள் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையைத் தடவினார்.

"கண்ணு, நீ விழுந்துட்டேம்மா."

"இல்லப்பா, அவ..."

"விழுந்துட்டே. தலை சுத்திருக்கும். மேசை முனை இடிச்சிருக்கு."

நர்ஸ் பெட்டியோடு ஓடி வந்து, வழக்கம்போல, எங்கே விழுந்தாய் என்று கேட்டார்.

"நான்தாங்க அடிச்சேன்," என்றாள் புதுசு.

"இல்லம்மா, நீ அடிக்கல," என்றார் முதல்வர்.

"இதோ ஹெல்மெட்ல ரத்தம்."

"அதிர்ச்சியில கை ஆடியிருக்கும்," என்றார் மருத்துவர்.

"மூணாவது தடவையும் அடிக்கத்தான் போனேன். நீங்கதான் பிடிச்சீங்க."

"நான் உன்னை விழாம தாங்கிப் பிடிச்சேன்," என்றார் மருத்துவர். அவர் அதை நம்பவும் நம்பினார்.

அன்று மாலை புதுசின் அம்மா ஓட்டுநர் சீருடையோடு வந்தார். முதல்வர் அவருக்குத் தேநீர் கொடுத்து, மகள் யாரையும் அடிக்கவில்லை என்று உறுதியளித்து, கல்லூரி முடியும்வரை உதவித்தொகை நீளும் என்றும் சொன்னார். அம்மா தேநீரைத் தொடவில்லை. மகளைப் பார்த்தார்.

"அடிச்சியா?"

"அடிச்சேம்மா."

"சரி, வா."

காவல் நிலையத்தில் இருந்த ஏட்டு, பள்ளியின் பெயரைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடி வாங்கினவங்க வந்து சொல்லணும்மா. அடிச்சவங்களே நேரா வந்து நின்னா நாங்க எந்தப் பக்கம் பிடிக்கறது? அந்த ஸ்கூல்ல அதெல்லாம் நடக்கறதும் இல்ல. பலகையே வச்சிருக்காங்க." நூலகத்தைப் பற்றிச் சொன்னதற்கு, பள்ளியிலிருந்து புகார் வரட்டும் என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். "உனக்கு அந்த ஸ்கூல் வேணுமா?" என்று கேட்டார் அம்மா. "இப்பவே பெட்டியை எடுத்துட்டு வந்துடலாம்."

"நான் வந்துட்டா வக்கீலக்கா விழுந்ததாவே ஆயிடும்மா. பாத்தது நான் ஒருத்திதான்."

"அடுத்து உன்னைத் தூக்கிப் போடுவாளுங்க."

"தெரியும்மா."

திரும்பும் வழியில் அம்மா ஒரு கடையில் நின்று, மகளுக்குக் கொக்கி வைத்த பெரிய தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

தாழ்ப்பாளுக்குத் தேவை வரவில்லை. தலைவி விழுந்துவிட்டாள் என்று பள்ளி முடிவு செய்திருந்தது. விழுந்தவர்களுக்கு விதி இருந்தது. அறங்காவலர் தன் விதிக்கு விலக்குத் தேடிப் பார்த்தார். அதில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. மருத்துவரோ விஞ்ஞானி, யாருக்காகவும் விட்டுக்கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மூக்கில் கட்டோடு தலைவியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். இறங்கியதும் அவள் தள்ளாடிச் சுவரில் மோதினாள். மருத்துவர் நெடுநேரம் அவள் காதைப் பார்த்தார்.

"அலைபாயும் காதுதான்," என்றார் வருத்தத்தோடு. "உங்கள் குடும்பத்தில், ஒரு இரண்டு தலைமுறைக்கு முன்னால், யாராவது ஆற்றைக் கடந்து..."

அறங்காவலர் அவரை அறையை விட்டு அனுப்பினார். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது.

நடை வகுப்பில் தலைவி மஞ்சள் கவசத்தோடு வந்து நின்றாள். ஊன்றுகோல்காரன் வரிசையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் அங்கே நிற்கவில்லை.

"வரிசையில நில்லும்மா," என்றார் நடை ஆசிரியர்.

"நான் இவங்க இல்ல சார்."

"வந்த புதுசுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. முதுகை நிமித்து."

தோழிகள் மழை நாட்களில் அவள் முடி லேசாகச் சுருண்டுகொள்வதை நினைவுகூர்ந்தார்கள். அவள் நகக்கண்கள் எப்போதுமே கொஞ்சம் இருட்டுத்தான் என்றார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. ஒரு நாள் ஹாக்கி முடிந்து, உடைமாற்றும் அறைக் கதவு உள்ளிருந்து தாழிடும் சத்தத்தை அவள் கேட்டாள். அடி வாங்கும் பக்கத்திலிருந்து அதை அவள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. காலுறைக்குள் சோப்புக்கட்டியைப் போட்டு முடிந்து, இரண்டு தோழிகளும் அவள் விலாவிலும் முதுகிலும் வெளுத்தார்கள். மூக்கு மறுபடியும் உடைந்தது. நர்ஸ் மாடிப்படி என்று முடிவு செய்தார்.

விருதுக் குழு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கல்வியாளர் ஒருவர், வழக்கம்போல நகரக் காவல் துறையின் உயரதிகாரி ஒருவர். அரங்கு நிறையப் பெற்றோர். மேடை நடுவில் சின்ன மேசை மேல் விருது வைத்திருந்தது: இரண்டு கைகள் குலுக்குவதுபோல் வார்த்த கனமான பித்தளை. நடை வகுப்பு மாணவர்கள் மஞ்சள் கவசங்களோடு கோட்டின் மேல் நடந்து காட்டினார்கள். வரிசையில் புதுசுக்குப் பின்னால் தலைவி நடந்தாள்.

"விழுபவர்களை நாங்கள் வெளியே தள்ளுவதில்லை," என்றார் முதல்வர் ஒலிபெருக்கியில். "அவர்களுக்கென்று தனி வகுப்பு, தனி நிறம், தனி வரிசை கொடுத்து எங்களில் ஒருவராக நடத்துகிறோம்."

நீதிபதி நெகிழ்ந்துபோனார். நடந்து முடித்த பிள்ளைகளோடு இரண்டு வார்த்தை பேச விரும்பினார். வீங்கிய கண்ணும் கோணல் மூக்குமாக நின்ற பெண்ணின் தோளில் கை வைத்து, அன்பாகக் கேட்டார்.

"உனக்கு அக்கரையில எந்தப் பக்கம்மா வீடு?"

தலைவி கவசத்தைக் கழற்றி எறிந்தாள். முதல்வர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் அக்கரை இல்ல. நான் விழறவ இல்ல சார், தள்ளறவ. இதோ நிக்கறாளே, இவ பல்லை உடைச்சது நான். விரலை ஒடிச்சது நான். லைப்ரரியில அந்த வக்கீலைத் தூக்கிப் போட்டது நான். காலைப் பிடிச்சது அந்த மூணாவது வரிசையில உக்காந்திருக்கற ரெண்டு பேர். அவ கைப்பிடியைப் பிடிச்சப்போ ஹெல்மெட்டால கையைத் தட்டி விட்டது நான். நீங்களே சொல்லுங்க, ஒரு அக்கரைக்காரி இதையெல்லாம் பண்ணுவாளா?"

முன்வரிசையில் ஓரிரு தாய்மார்கள் தங்களையறியாமல் தலையாட்டினார்கள். அவள் இக்கரைதான் என்பதில் அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

முதல்வர் கைதட்டத் தொடங்கினார். "எங்கள் நாடகக் குழு," என்றார், ஒலிவாங்கி இல்லாமல் வெறும் குரலில். "விழிப்புணர்வு நாடகம்." பின்வரிசைகள் நிம்மதியோடு கைதட்டின.

"நாடகம் இல்ல," என்றாள் தலைவி. கைதட்டல் கூடியது. அவள் அப்பாவைத் தேடினாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். "நாடகம் இல்லைங்கறேன்ல. பாருங்க."

பித்தளைக் கைகளை மேசையிலிருந்து எடுத்து, புதுசின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தத்தை ஒலிபெருக்கி கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது. புதுசு மண்டியிட்டாள். இரண்டாவது தடவை ஓங்கிய கையைக் காவல் அதிகாரி பிடித்துக்கொண்டார். மறு கையால் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். முதல்வர் அப்போதும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் வக்கீல் கண்விழித்தாள். கால்களைப் பற்றி டாக்டர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடிதான் பேச முடிந்தது. கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் கையை மாட்டிக்கொண்டு புதுசு கட்டில் அருகே நின்றாள். அம்மா வெளியே பேருந்தை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"விருதை யாருக்குடி குடுத்தாங்க?" என்று கேட்டாள் வக்கீல்.

"எனக்குத்தான்க்கா. தோள்பட்டையில."

"நான் விழுந்துட்டேன்னா சொன்னாங்க?"

"முதல்ல அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் தள்ளினேன்னு அவளே சொல்லிட்டா. மைக்குல."

"ஏன்? மனசாட்சி உறுத்திச்சாமா?"

"இல்லக்கா. நம்மள்ல ஒருத்தின்னு அவளை நினைச்சுட்டாங்க. அதைத் தாங்க முடியல."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் பாதியில் நிறுத்தி, மூச்சை மெதுவாக விட்டாள். "அப்போ அவ ஒத்துக்கலடி. பீத்திக்கிட்டிருக்கா."

"எதுவா வேணா இருக்கட்டும்க்கா," என்றாள் புதுசு. "போலீஸ்காரர் எழுதிக்கிட்டார்."